ஏழாவது பேர்

காலையில் கண் விழித்ததும் சேவுகனுக்கு விரல்கள் இருக்காது. இருக்கும், ஆனால் அவனுடையவையாக இருக்காது. பத்தும் வெளுத்துக் குளிர்ந்து, யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போனதுபோல மணிக்கட்டில் தொங்கும். பதினாறு வருஷம் பாறையில் குழி போடும் மெஷினைக் கட்டிப்பிடித்து நின்ற உடம்பு அது. கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் எறும்பு ஊறும். பிறகு நெருப்புப் பற்றும். அதற்கப்புறம்தான் பல் விளக்க விரல் வரும். டீ கிளாசை இன்றைக்கும் இரண்டு உள்ளங்கையாலும்தான் பிடிக்கிறான்.

மெஷின் பிடிக்க லாயக்கில்லாமல் போன பிறகு அவனை வெடி மேஸ்திரி ஆக்கினார்கள். பீடி பிடிக்கத் தெரிந்த கைக்குத் திரி கொளுத்தத் தெரியாதா என்று மேனேஜர் சொன்னதுதான் பதவி உயர்வு உத்தரவு.

குவாரிப் பள்ளம் நூற்றறுபது அடி. மேலே நின்று பார்த்தால் அடியில் நிற்கிறவர்கள் சிந்திய அரிசி மாதிரி தெரிவார்கள். மதியம் ஒரு மணிக்கு வெடி. வெடிக்கு முன்னால் சேவுகன் பேர் வாங்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. மேஸ்திரி ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அவரவர் பத்திரமான இடத்துக்கு ஒதுங்கிய பிறகு அவரவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். அடுத்தவர் பேருக்குக் குரல் கொடுக்கக் கூடாது. பெண்டாட்டி பக்கத்திலேயே நின்றாலும் புருஷன் அவளுக்காகப் பேசக் கூடாது. முன்பு ஒருத்தன் பேசினான். "அவ வந்துட்டா, நீ கொளுத்து" என்றான். அவள் வந்திருக்கவில்லை. அள்ளக் கொண்டுபோன சாக்கு பாதிகூட நிறையவில்லை. அன்றைக்கு ஏற்பட்ட சட்டம்.

பள்ளம் ஆழமாக ஆழமாகக் குரல் ஏறவில்லை. கூப்பிட்ட பேர் சுவரில் மோதி நாலாகத் திரும்பி வந்தது. அந்தச் சமயத்தில்தான் நஸ்ரின் திருச்சியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே எட்டுக் கருவிகள். சோப்புக்கட்டை அளவு, ஒரே ஒரு பொத்தான், கழுத்தில் மாட்ட ஒரு கயிறு. திரை கிடையாது. அன்றைக்கே அதற்குக் கட்டை என்று பேர் வந்துவிட்டது.

"நெட்டு வழியாப் போற வாக்கி டாக்கிதான் அண்ணே. அமுக்கிப் பேசுங்க, விட்டுட்டுக் கேளுங்க" என்றாள் நஸ்ரின். "மின்சார வெடி வைக்கிற குவாரின்னா இதைப் பக்கத்துலயே கொண்டு போகக் கூடாது, இதோட அலையில வெடிச்சாலும் வெடிச்சிடும். உங்களது திரி வெடி. அதனால சரி."

கருவியின் விலை ஒரு பிளாஸ்டிக் குடத்தைவிடக் கொஞ்சம் கூட. மாதக் கட்டணம் இரண்டு டீ.

வீராயி அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். பள்ளத்தின் அடியில் ஊற்றுத் தண்ணீரை இறைக்கும் மோட்டாருக்கு அவள்தான் ஆள். சேவுகனுக்கு அத்தை மகள். கட்டியிருக்க வேண்டிய முறை, கட்டவில்லை. அதனால் இருவருக்கும் இடையில் வாய் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இம்புட்டு மலிவா இருக்கே. உள்ள ஏதாச்சும் இருக்கா, இல்ல எம்மாமன் தலை மாதிரியா?"

நஸ்ரின் சிரித்தாள். "அக்கா, லெட்டர் எழுதியிருக்கீங்களா?"

"எழுதத் தெரியாது. சொல்லி எழுத வச்சிருக்கேன்."

"எல்லா லெட்டரும் எப்படி ஆரம்பிக்கும்? இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல். அதை எதுக்குக் காசு செலவழிச்சு அனுப்பணும்? படிக்கிறவங்களுக்கே தெரியுமே. புதுச் சேதி மட்டும் போனாப் போதாதா? இந்தக் கட்டை அதைத்தான் பண்ணுது. உங்க குரல் எப்படி, எதுக்கு எதைச் சொல்வீங்க, எங்க மூச்சு வாங்குவீங்க, எல்லாத்தையும் கொஞ்ச நாள்ல படிச்சுக்கும். அப்புறம் உங்க குரலை அனுப்பாது. தனக்குத் தெரியாத மிச்சத்தை மட்டும் அனுப்பும். அந்தப் பக்கத்துக் கட்டை உங்க குரல்லயே முழுசாச் சொல்லிடும். சிக்னல் நூலாட்டம் வந்தாலும் போதும். அதான் மலிவு."

"எம்புருசனுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றாள் வீராயி. "இருந்த வரைக்கும் அந்த மனுசன் ஒரே பேச்சைத்தான் பேசுனாரு. காலணா செலவாயிருக்காது."

முதல் நாள் மதியம் சேவுகன் விளிம்பில் நின்று பொத்தானை அமுக்கினான். கூப்பிட்டுவிட்டு விரலை எடுத்தான். பள்ளச் சுவரின் மூணாம் தட்டில் ஒதுங்கியிருந்த ஆதப்பன் அவன் காதுக்குள் வந்து உட்கார்ந்து பேசினான். ஆதப்பன் குழி போடுகிறவன். நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவன். "தள்ளியாச்சு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குள் அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்ட சத்தம்கூட இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு மூச்சு. ஏழாவதாக, எல்லாருக்கும் கீழே இருந்த வீராயி, "ஒதுங்கிட்டேன் மாமா, நீ கொளுத்து" என்றாள். குரலில் தண்ணீர் சொட்டியது. நூற்றறுபது அடிப் பள்ளம் முழுசும் தன் உள்ளங்கையில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகச் சேவுகனுக்குத் தோன்றியது. புல்லரித்துவிட்டது. "கொளுத்துறேன் டோய்" என்று சொல்லித் திரியில் பீடியை வைத்தான்.

மாதங்கள் போயின. கட்டை எல்லாரையும் படித்துக்கொண்டது. பதில்கள் கூப்பிட்ட வாய் மூடுமுன் வந்தன. முன்பு கால்மணி நேரம் இழுத்த பேர் வாங்கல் அரை நிமிஷத்தில் முடிந்தது. மேனேஜர் மிச்சமான நேரத்தைக் கணக்குப் பண்ணி வாரத்துக்கு ஒரு வெடியைக் கூட்டினார். கூடுதல் வெடி என்றால் கூடுதல் லாரி. யாரும் குறை சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை வீராயி தொண்டையில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. மூன்று நாள் இருமலில் குரல் மொத்தமாகப் போயிருந்தது.

"இன்னைக்குத்தான் குவாரிக்கு நல்ல காலம்" என்றான் சேவுகன்.

அவள் கையாலேயே அவனை அடிப்பதுபோலக் காட்டினாள். பிறகு கட்டையை எடுத்து நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். பேர் கூப்பிடும்போது இப்படித் தட்டுகிறேன், இதுதான் பதில் என்று அர்த்தம். சேவுகன் தலையாட்டினான்.

ஒரு மணி. குழிகளில் மருந்து இறங்கியாயிற்று. திரி நுனிகள் ஒன்றாக முறுக்கிக் கிடந்தன. உதட்டில் பீடி. சேவுகன் பேர் வாங்கினான். ஆறு பேரும் வந்தார்கள். "வீராயி" என்று கூப்பிட்டுவிட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.

"ஒதுங்கிட்டேன் மாமா, நீ கொளுத்து."

பீடியை உதட்டிலிருந்து எடுத்தான். குனிந்தான். நெருப்புக்கும் திரிக்கும் நடுவில் நாலு விரல்கடை இருக்கும்போது அவனுடைய முதுகு நின்றது. முதுகுதான் முதலில் நின்றது, புத்தி அப்புறம் வந்தது. தண்ணீர் சொட்டுகிற, கேலி கலந்த, முழுக் குரல். காலையில் காற்று மட்டும் வந்த வாயிலிருந்து.

பீடியைச் செருப்பால் நசுக்கி, அது அணைந்ததா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கீழே ஓடினான். ஐம்பத்திரண்டு வயது முழங்கால் அந்தச் சரிவுப் பாதையில் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தது.

வீராயி மோட்டாருக்குப் பக்கத்தில் கிடந்தாள். பாசியில் வழுக்கி விழுந்து, இடது கால் இரண்டு பாறைக்கு நடுவில் முழங்கால் வரை போய்ச் செருகியிருந்தது. தலையை இரண்டு கையாலும் மூடி, கண்ணை இறுக்கிக்கொண்டு, கல் மழைக்குக் காத்திருந்தாள். வலது கைக்குள் கட்டை. கட்டைவிரல் பொத்தானை அமுக்கியபடியே விறைத்துப் போயிருந்தது.

"புள்ள" என்றான்.

கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்ததை அவளால் நம்ப முடியவில்லை. வாய் திறந்து மூடியது. காற்று.

அந்த நேரத்தில் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். காலை எடுப்பதை விட்டுவிட்டு, தன் கட்டையை அமுக்கி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே "வீராயி" என்று கூப்பிட்டான். விரலை எடுத்தான்.

"ஒதுங்கிட்டேன் மாமா, நீ கொளுத்து" என்றது கட்டை.

அவள் உதடு அசையவில்லை. கால் பாறைக்குள் இருந்தது. குரல் அவன் கைக்குள் இருந்தது. கேலியும் குறும்பும் ஈரமுமாக, அவளைவிட அவளாக இருந்தது. இருவரும் அந்தச் சோப்புக்கட்டையைப் பார்த்தார்கள். சாமி வந்தவளின் வாயிலிருந்து செத்துப்போனவர் பேசும்போது கூட்டம் ஒரு அடி பின்வாங்குமே, அப்படிப் பின்வாங்க இடமில்லாமல், இரண்டு பேரும் அதன் முன்னால் இருந்தார்கள்.

ஆதப்பனும் மற்றவர்களும் கடப்பாரையோடு இறங்கி வந்து காலை எடுத்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் வீராயிக்குக் குரல் திரும்பியது. முதலில் அவனைத்தான் திட்டினாள்.

"பாவி. பேரு கூப்பிட்ட கையோட கொளுத்துறேன் டோய்னியே. ஒரு மூச்சு விட்டியா? கத்துறேன் கத்துறேன், காத்துதான் வருது. செத்தேன்னு கண்ணை மூடிட்டேன்."

"நான் அதைச் சொல்லவே இல்லையே புள்ள. உம் பேரைக் கூப்பிட்டேன், விரலை எடுத்தேன். அவ்வளவுதான்."

"ஒங் குரலு எனக்குத் தெரியாதா?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

நஸ்ரின் வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. குவாரி ஆபீசில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"அக்கா பொத்தானை அமுக்குனாங்க. காத்துதான் போச்சு. அந்த நேரத்துல, அந்தப் பேருக்கு, அவங்க என்ன சொல்வாங்கன்னு கட்டைக்குத் தெரியும். குரல் தேய்ஞ்சு வருதுன்னு நினைச்சிடுச்சு. அந்தக் காத்து மேல தனக்குத் தெரிஞ்ச வீராயியைப் போர்த்திடுச்சு." நிறுத்தினாள். "எங்க ஆபீஸ்ல, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா ஊகிக்குதுன்னு கேக் வெட்டினோம். மிச்சம் ரெண்டு என்னன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

"சட்டப்படி, அடுத்தவ பேருக்குக் குரல் குடுக்கக் கூடாது" என்றான் ஆதப்பன். அன்றைய நாலு வார்த்தையைத் தாண்டிவிட்டான்.

"ஊகிக்கிறதை நிறுத்த முடியுமா?" என்றார் மேனேஜர்.

"முடியும். முழுக் குரலையும் அனுப்பச் சொல்லலாம். கட்டணம் பத்து மடங்கு. இந்தப் பள்ளத்துச் சிக்னலுக்கு அதுவும் பாதி வராது."

"அப்ப விசிலே போதும்" என்று மேனேஜர் எழுந்து போய்விட்டார். குழி மெஷினுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் சத்தத்தில் விசில் கேட்காது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சேவுகன் கட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன சொன்னா அதுக்குத் தெரியாது?" என்று கேட்டான்.

நஸ்ரின் யோசித்தாள். "இதுவரைக்கும் நீங்க சொல்லாததைச் சொன்னா. அதை அதால ஊகிக்க முடியாது. அப்படியே அனுப்பித்தான் ஆகணும். வர்றதுக்கு ஒரு நொடி தாமதமாகும். அந்தத் தாமதம் இருந்தா, ஆள் நிஜமாப் பேசியிருக்காங்கன்னு அர்த்தம்."

மறுநாளிலிருந்து சட்டத்தோடு இன்னொரு சட்டம் சேர்ந்தது. பேர் கூப்பிட்டால் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னது மறுமுறை செல்லாது. மேஸ்திரிக்கும் அதே விதி. "கொளுத்துறேன் டோய்" கிடையாது. அவனும் புதுசாக ஒன்று சொல்லிவிட்டுத்தான் பீடியைத் திரியில் வைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. "இன்னைக்குப் புதன்கிழமை" என்றார்கள். "சோத்துல கல்லு" என்றார்கள். மூன்றாம் நாள் சரக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் பாறை உடைந்தது.

ஆதப்பன் பேரைக் கூப்பிட்டதும் கட்டை ஒரு நொடி திகைத்தது. பிறகு அவன் குரல் வந்தது: "எங்கப்பன் சாகும்போது எங்கிட்ட தண்ணி கேட்டாரு. நான் பீடி வாங்கப் போயிருந்தேன். தள்ளியாச்சு."

இன்னொருத்தன், தான் இன்னும் ரயிலில் ஏறியதே இல்லை என்றான். ஒருத்தி, கல்யாணத்துக்கு முன் கபடி ஆடி வாங்கிய சில்வர் தட்டில்தான் இன்றைக்கும் சாப்பிடுவதாகச் சொன்னாள். பாறையைத் தட்டினால் எந்தப் பக்கம் பிளக்கும் என்று தன் முன்பல் கூசுவதை வைத்துச் சொல்ல முடியும் என்றான் ஒருவன். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள். தூக்குச் சட்டி யாருடையது என்று மூடியைப் பார்த்துச் சொல்லிவிடுவான் சேவுகன். ஆட்களைத் தெரியாது. விளிம்பில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட, பள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்தது. எந்த மெஷினாலும் ஊகிக்க முடியாத அளவுக்கு இந்தச் சனங்களுக்குள் இருக்கிறது என்பதை நினைக்க, ஓங்கிய மலைக்கு முன் நிற்பதுபோல அவனுக்குக் கழுத்து வலித்தது. கட்டையை முதலில் கேட்ட நாள் வந்த புல்லரிப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பேருக்கும் அந்த ஒரு நொடித் திகைப்பு. அவ்வளவு கெட்டிக்காரப் பெட்டி, ஆதப்பனிடம் தோற்று நின்றது.

இரண்டு வாரம் கழித்து நஸ்ரின் மறுபடி வந்தாள். இந்த முறை சேவுகனை மட்டும் தனியாக லாரி நிழலுக்கு அழைத்தாள். கையில் ஒரு தாள்.

"வீராயி அக்கா சொன்னாங்களே, நீங்க சொல்லாத கொளுத்துறேன் அவங்க பக்கம் கேட்டுச்சுன்னு. அதைத் தேடிப் பாத்தேன்."

"பொட்டி தானாச் சொல்லிடுச்சு. அதானே?"

"தானாச் சொல்லாது அண்ணே. பத்துக்கு ஒன்பது தடவை நடந்ததைத்தான் சொல்லும்." தாளைப் பார்க்காமலே சொன்னாள். "ஆறு பேருக்கு நீங்க பொத்தானை விட்டுட்டுப் பதில் கேட்டிருக்கீங்க. ஏழாவது பேருக்கு விடல. வீராயின்னு கூப்பிட்டு, பொத்தானை அமுக்குன விரலை எடுக்காமலே கொளுத்துறேன்னு சொல்லியிருக்கீங்க. நீங்க அமுக்கியிருந்தா அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்காது. நூத்தி நாப்பத்திமூணு வெடியில நூத்தி முப்பத்தோரு தடவை. அக்கா பதில் சொல்லியிருக்காங்க. கேக்க ஆள் இல்ல."

"கேட்டேனே தாயி. தினமும் கேட்டேன். ஒதுங்கிட்டேன் மாமா, நீ கொளுத்துன்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டிருந்தான், அந்த ஈரக் குரலைத் தினமும் கேட்டிருந்தான். பெட்டிக்குள் அது வருவதற்கு முன்பே அவன் தலைக்குள் வந்திருந்தது. அவள் என்ன சொல்வாள் என்று தெரியும், சொல்லியிருப்பாள், அவ்வளவுதானே என்று கடைசிப் பேரைக் கூப்பிட்ட மூச்சிலேயே நெருப்பை வைத்திருக்கிறான்.

"அன்னைக்கு மட்டும் ஏண்ணே விரலை எடுத்தீங்க?" என்றாள் நஸ்ரின்.

சேவுகன் தரையைப் பார்த்தான். "தட்டுறேன்னு சொல்லியிருந்தா. நகத்தால தட்டுனா இதுல எப்படிக் கேக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல."

அவள் தாளை நாலாக மடித்து அவனிடம் கொடுத்தாள். "ரிப்போர்ட்ல எங்க தப்பை மட்டும்தான் எழுதியிருக்கேன். இது உங்களோடது. யார்கிட்ட சொல்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

வீராயி வைகாசியில் வேலைக்குத் திரும்பினாள். கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்: எம்மாமன் காது நாய்க்காது, என் குரல்ல ஒரு மசிரிழை மாறுச்சு, நெருப்பைக் கீழ போட்டுட்டு ஓடி வந்துச்சு. கட்டாத மாமன்தான் காப்பாத்துனது, கட்டுனவரு இருந்திருந்தா பீடி முடியட்டும்னு இருந்திருப்பாரு. கூட்டம் சிரிக்கும். சேவுகனும் சிரிப்பான். வாரத்தில் இரண்டு நாள் அவன் தூக்குச் சட்டிக்குள் அவள் வைத்த நெத்திலிக் குழம்பு இருந்தது. அதைச் சாப்பிடுவதற்குள் அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

இப்போதெல்லாம் அவன் ஏழாவது பேருக்குக் காத்திருக்கிறான். "வீராயி" என்று கூப்பிட்டு, விரலை எடுத்து, கட்டையைக் காதோடு வைத்துக்கொள்கிறான். ஒரு நொடித் திகைப்பு. நேற்று அவள் சொன்னாள்: "தண்ணிக்குள்ள ஒரு தவளைக் குஞ்சு இருக்கு மாமா. மேல எடுத்து விட்டுட்டேன். நானும் மேலதான் நிக்கிறேன்."

இனி அவன் முறை. பெட்டிக்குத் தெரியாத ஒன்றை அவன் சொல்ல வேண்டும். கீழே ஏழு பேர் காத்திருக்கிறார்கள். அவனிடம் அப்படி ஒன்று இருக்கிறது, சட்டைப்பையில் நாலாக மடித்து இருக்கிறது. ஒவ்வொரு மதியமும் அது தொண்டை வரைக்கும் வருகிறது. நேற்றும் வந்தது. பொத்தானை அமுக்கினான்.

"ஆதப்பன் வேட்டி பின்னாடி கிழிஞ்சிருக்கு" என்றான். பள்ளத்திலிருந்து சிரிப்பு ஏறி வந்தது. அதில் வீராயியின் சிரிப்பும் இருந்தது. குனிந்து பீடியைத் திரியில் வைத்தான்.

நூற்று முப்பத்தோரு தடவை உன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. வீராயிக்குச் சேவுகன் சொல்ல வேண்டிய இந்த ஒரு வார்த்தை பாக்கி.